ராபியாவின் வசவும் நகராத கப்பலும்

கப்பல் கட்டுகிற ஊரான தானா பெருவின் கடற்கரையில் ராபியாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மீனுக்கும் பேர் போனவள், வாய்க்கும் பேர் போனவள். மணலில் மீன்வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது யார் கூப்பிட்டாலும் நிற்கமாட்டாள். வேண்டுமென்றால் கூடவே நடந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "நிப்பாட்டினா திரும்பக் கிளப்ப உங்கப்பனா வருவான்?" என்பாள். திமிர் என்றார்கள். திமிர்தான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் மணலில் வண்டி தள்ளிப் பாருங்கள். நிற்கிற வண்டியை அசைக்கத்தான் இடுப்பு ஒடியும். அசைந்து விட்டால் பாதிப் பலம் போதும்.

அவள் புருஷன் சிக்கி, மரியாதையாக டாயெங் சிக்கி, கப்பல் இறக்கப் பாட்டுச் சொல்கிறவர். புதுக் கப்பல் கட்டி முடிந்ததும் ஊர் ஆண்கள் எல்லாரும் கறிச்சோறு தின்றுவிட்டு வடம் பிடிப்பார்கள். அவர் ஓரடி பாடி முடிக்கிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து இழுக்கவேண்டும். தேன் மாதிரிக் குரல். அந்த வருஷத்துக் கப்பல் மட்டும் அந்தத் தேனுக்கு மசியவில்லை. முதல் நாள் ஒரு முழம் நகர்ந்தது, மறுநாள் அதுவும் இல்லை. அடியில் போட்ட கட்டைக்கெல்லாம் எண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று.

பாட்டுக்காரன் பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் கப்பலும் முறுக்கிக்கொள்ளும் என்று அந்தக் கரையில் ஒரு பேச்சு. சிக்கியின் அக்கா சைனாபுக்கு அது போதாதா?

"உன் வாயாலதான்டி கப்பல் நிக்குது. இன்னைக்கு ஏத்தத் தண்ணியிலயும் இறங்கலேன்னா, துணிமணியைக் கட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. கப்பல் இறங்கினப்புறம் வந்தாப் போதும்."

ராபியா புருஷனைப் பார்த்தாள். அவர் காப்பியைப் பார்த்தார்.

"அக்கா சொல்றதுல என்ன தப்பு? ஒரு நாள் சிரிச்ச முகமா இருந்தா குறைஞ்சா போயிடுவ?"

இத்தனை வருஷம் வடித்துக் கொட்டியவளுக்குக் கிடைத்த பதில் அது. கரைக்குப் போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்கள் ஒரு இழுப்பு இழுத்தார்கள். கட்டை முனகியது, கப்பல் கொஞ்சம் அசைந்தது. உடனே எல்லாரும் கூவினார்கள். சிக்கி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, பலகையைப் புகழ்ந்து, முதலாளியைப் புகழ்ந்து, நீட்டி முழக்கி அடுத்த அடியைப் பாடினார். அது முடிவதற்குள் கப்பல் அம்மிக்கல்லாட்டம் பழையபடி உட்கார்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து முக்கல். மறுபடி அசைவு. மறுபடி பாட்டு.

பார்த்துக்கொண்டே இருந்தாள் ராபியா. என் வாயாலா நிற்கிறது இது? அடுத்த தடவை கட்டை முனகியதும் எழுந்துவிட்டாள்.

"பாடினது போதும் டாயெங், வாயை மூடுங்க. அசைஞ்சிருச்சுல்ல, விடாம இழுங்கடா. கறிச்சோத்துக்கு முந்தி வந்தீங்கல்ல, இழு. திங்கிறப்ப மூச்சு விட்டீங்களா, இழு. கடன்மீன் வாங்கித் தின்ன கைதானே, இழு. என்னையா எங்கம்மா வீட்டுக்கு அனுப்புறீங்க, இழு..."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தாலும் ஒவ்வொரு வசவுக்கும் ஓர் இழுப்பு விழுந்தது. நடுவில் மூச்சு விட இடமில்லை. கப்பலுக்கு உட்கார நேரமில்லை. சிக்கி வாயைத் திறந்து திறந்து மூடினார். வடத்தின் முனையில் இருந்தவர்கள் இடுப்பளவு அலைக்குள் போய் விழ, பின்னாலேயே கப்பல் வழுக்கிக்கொண்டு கடலில் இறங்கியது.

"பார்த்தீங்களா," என்றாள் சைனாப். "இவ வயித்துக் கோபமெல்லாம் வெளியே வந்திருச்சு. அதான் கப்பல் விட்டுக் கொடுத்திருச்சு."

ஊரே தலையாட்டியது. சிக்கியும் ஆட்டினார்.

சாயங்காலம் விருந்திலிருந்து ஆட்டு ஈரலும் ஒட்டரிசிச் சோறும் வைத்த தட்டை அவரே வீட்டுக்கு எடுத்து வந்தார். பாட்டுச் சொன்னவருக்கு என்று ஒதுக்குகிற பங்கு அது.

"மதினி கொண்டு வரட்டும்," என்றாள் ராபியா.

"ஆறிப்போயிடும்டி."

"ஆறட்டும்."

ஆறித்தான் போயிற்று. கடைசியில் சைனாப், சிக்கி திருப்பிக் கொண்டுபோன தட்டை வாங்கிக்கொண்டு, வழியில் வீட்டுக்கு வீடு நின்று நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து, வாசலில் தயங்கினாள்.

தட்டை வாங்கிக்கொண்டாள் ராபியா.

"நிக்காதீங்க மதினி. நின்னுட்டா அப்புறம் கிளம்புறது கஷ்டம். வந்த வேகத்துலயே திரும்பி நடங்க."