முழுசாகத் திறக்காத குழாய்

எங்கள் டிக்கோயா வீட்டில் எந்த நேரம் குளித்தாலும் தண்ணி ஒரே வேகம், ஒரே சூடு என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இல்லை. ஸ்கூலில் சக டீச்சர்மார் யாராவது குளிரைப் பற்றி வாய் திறந்தால் போதும், என் பாத்ரூம் புராணத்தை ஆரம்பித்துவிடுவேன். கூரைக்கு மேலே பெரிய டேங்க், இரண்டு பாத்ரூமுக்கும் தனித்தனி ஹீட்டர். தண்ணி முதலில் அம்மாவின் பாத்ரூமுக்குப் போய், பிறகு எங்களுடையதற்கு வரும்.

அம்மா அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு எங்களோடு வந்து ஆறு மாசம். மார்கழிக் குளிரில் அவருக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதில்தானே குளிக்கிறார் என்று எனக்கு எரிச்சல். மருந்து மாற்றியும் இழுப்பு குறையவில்லை, பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் குளித்துவிட்டு வந்தவரின் கையைத் தற்செயலாகத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஓடிப்போய் அவர் குழாயைத் திறந்து பார்த்தால், சுடச்சுட வருகிறது!

"சுடுதண்ணி இருக்க, ஏம்மா பச்சத்தண்ணில குளிக்கிறீங்க?"

"எனக்கு வரலியேடி."

திறந்து காட்டச் சொன்னேன். நூல் மாதிரி வரும் அளவுக்குத் திறந்தார். தண்ணி வேகமாக வந்தால்தான் எங்கள் வீட்டு ஹீட்டர்கள் வேலை செய்யும்.

"முழுசா தொறங்கம்மா."

"தொறந்தா ஒங்களுக்கு எப்படித் தண்ணி வரும்? மாப்பிள்ள வேலைக்குப் போறவரு."

லயத்தில் முதல் குழாய் எங்கள் வாசலில்தான். அதை முழுசாகத் திறந்தால் வரிசையின் கடைசிக் காம்பரா வீட்டுக்காரர்களுக்குச் சொட்டுத் தண்ணி போகாது. அம்மாவின் கை அப்படியே பழகிவிட்டது.

"அது லயம். இது நம்ம வீடும்மா. யாருக்கும் கொறையாது" என்று அடித்துச் சொன்னேன். இனி முழுசாகத் திறக்காவிட்டால் நானே வந்து குளிப்பாட்டுவேன் என்று மிரட்டவும் செய்தேன்.

மறுநாள் காலை தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம். என் தலைக்கு மேல் தண்ணி மெலிந்தது, ஹீட்டர் நின்றது, குளிர் முதுகில் இறங்கியது. இத்தனை நாள் நான் ஊரெல்லாம் பீற்றிய சூடு யார் விட்டுக்கொடுத்தது என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் அழுகை வந்தது.

"தண்ணி வருதாடி?" அம்மா கேட்டார்.

"நல்லா வருதும்மா. நீங்க குளிங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நுரையோடு என் குழாயை மூடினேன்.