அம்மா கேட்ட சந்தேகம்

மீசை நரைத்தவர்கள்கூடப் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்பது எனக்கு அப்போது பெரிய வேடிக்கை. மந்தைவெளியில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்னாலிருந்த கூடத்தில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நடத்துவார். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

அந்த வகுப்பில் முதல் மாணவர் அப்பாதான். தி. நகர் துணிக்கடை ஒன்றில் சூப்பர்வைசர். கணீர்க் குரல். அவர் ஜெபித்தால் பக்கத்திலிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அம்மா கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பாள். வீட்டிலும் குரல் உயர்வது அப்பாவுடையதுதான். அப்படி உயர்ந்த வாரங்களில் அம்மா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவாள்.

அன்றைய பாடம் மன்னிப்பு. சிறுவர்களுக்கான ஓய்வுநாள் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டதால் நான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். மன்னிக்கத் தெரியாத வீட்டில் சமாதானம் தங்காது என்று அப்பா எழுந்து அழகாகப் பேசினார். பலர் தலையாட்டினார்கள். யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார் அக்கா.

அம்மா கையைத் தூக்கினாள். முந்தானை சரிந்தது. அன்று அவள் போட்டிருந்தது குட்டைக்கை ரவிக்கை.

"நாம மன்னிச்சிக்கினே கீறோம். அவங்க அடிச்சிக்கினே கீறாங்க. அப்பவும் அந்த வூட்லயேதான் இருக்கணுமாக்கா?"

அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சீரியல் பாத்துட்டு கேக்குறாக்கா" என்றார். யாரோ ஒருவர் கூடச் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பாவின் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவின் கையையே பார்த்தார். "மன்னிக்கிறது வேற. அடி வாங்கிக்கினு நிக்கிறது வேற. நிக்கணும்னு ஆண்டவர் உன்னக் கேக்கலம்மா."

அப்பா எழுந்தார். "ஏய், கெளம்பு" என்றார். அம்மா அசையவில்லை. அவள் விரல்கள் என் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இன்னும் முடியல பிரதர். உக்காருங்க. மன்னிப்பு பத்தி இன்னும் கொஞ்சம் நீங்கதான் சொல்லணும்" என்றார் அக்கா. அத்தனை பேர் முன்னால் அப்பாவால் மறுக்க முடியவில்லை. பாடகர் குழுவில் அவரோடு பாடும் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை ஒட்டி உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டார். அப்பா பேசத் தொடங்கினார். முதல் தடவையாக அவருக்கு வார்த்தை தடுக்கியது.

அதற்குள் பாஸ்டரின் மனைவி வந்து, டீ ஊற்ற ஆள் வேண்டும் என்று அம்மாவைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன். சமையலறையில் அடுப்புகூடப் பற்றவைத்திருக்கவில்லை. பின்பக்கக் கதவுக்கு வெளியே ஓர் ஆட்டோ நின்றது. பாஸ்டரின் மனைவி எங்களை ஏற்றிவிட்டு, அம்மாவின் கன்னத்தைத் தொட்டார்.

ஸ்டேஷனில் இறங்கி ஏறிய பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேளச்சேரி சித்தி வீட்டுக்கு என்றாள் அம்மா. லீவு விடாமலேயே சித்தி வீடு! அங்கேயே பள்ளி மாறி, அங்கேயே வளரப் போகிறேன் என்று தெரியாமல், சித்தி பையனோடு என்னென்ன விளையாடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அடையாற்றைத் தாண்டும்போதுதான் அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தேன். என் காலிலும் ஒன்றுமில்லை.

"அம்மா, செருப்ப கூடத்து வாசல்லயே விட்டுட்டோம்!"

"இருக்கட்டும்" என்றாள்.

புதுச் செருப்பு. மறந்துவிட்டு வந்ததற்காக அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாசலில் எங்கள் இரண்டு ஜோடியும் கிடக்கும்வரை, நாங்கள் உள்ளேதான் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அப்பா நம்புவார் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.