வராத ஐந்து ஞாயிறுகள்

அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்ற என்னை, எங்கள் பங்குத்தந்தை ஞானஸ்நான ஆயத்த வகுப்புக்குப் பொறுப்பாக வைத்தார். இருதயத்தை உருவாக்கும் வேலை என்றார். நான் முதலில் வரவு பதிய ஒரு இடாப்பு வாங்கினேன். நான்கு வகுப்புக்கு மேல் தவறினால் அடுத்த வருடம்தான் என்று விதி எழுதிக் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். அப்படியொரு விதியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அந்த வருடம் வந்தவர் ஒரே ஒருவர். உருத்திரபுரத்துக் கமக்காரர், சைவர். மனைவி கத்தோலிக்கர். இருபத்தாறு வருடமாக மனைவி நற்கருணை வாங்க எழுந்து போவதை, ஞானஸ்நானம் பெறாததால் கோவில் வாங்கில் உட்கார்ந்தபடி பார்த்து வந்தவர். இப்போது மனைவிக்குப் புற்றுநோய்.

"ஒருக்கா எண்டாலும் ரெண்டு பேரும் சேர்ந்து போகவேணுமாம், சேர். வேற ஒண்டும் அவா கேக்கேல்ல" என்றார் முதல் நாள்.

ஒற்றை ஆளுக்கு இடாப்பில் ஒரு பக்கம் முழுவதும் கோடு போட்டேன்.

இருதயம் பற்றிய பாடத்தை நன்றாகவே நடத்தினேன். வேதாகமத்தில் இருதயம் என்றால் வெறும் உணர்ச்சி அல்ல, மனிதன் முடிவெடுக்கும் இடம் என்று விளக்கினேன். இன்றும் அதில் திருத்த ஒன்றும் இல்லை.

"அப்ப சேர், இருதயம் கல்லாப் போச்சுதெண்டா அந்த ஆளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும். மனச்சாட்சி சொல்லும்" என்றேன்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் வாய்க்காலில் தண்ணீர் முறை தொடங்கியது. அவருடைய வயலுக்கு முறை ஞாயிறு காலை. முறையைத் தவறவிட்டால் பயிர் காயும். ஐந்து ஞாயிறு அவர் வரவில்லை. ஐந்து பெட்டியிலும் சிவப்புப் பேனையால் கோடிட்டேன்.

"கமக்கார அமைப்பிட்டக் கடிதம் வாங்கி வாங்கோ, தம்பி. பாப்பம்."

"தண்ணி பாய்ஞ்சதுக்கு நெல்லு சாட்சி சொல்லும், சேர்."

ஆனாலும் கடிதம் கொண்டு வந்தார். கொப்பித் தாளில் எழுதியிருந்தது, முத்திரை குத்தவில்லை. திருப்பிக் கொடுத்து, விதிப்படி அடுத்த வருடம்தான் என்றேன்.

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் அவருடைய மனைவி என்னை மறித்தார். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"சேர், மோட்சத்திலயும் இடாப்புப் பாப்பினமோ?"

"நீங்கள் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ, தங்கச்சி" என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

ஞானஸ்நானம் கொடுக்கும் உயிர்த்த ஞாயிறன்று அந்தப் பெண் வாங்குகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பீடம் வரைக்கும் தனியே போனார். கணவர் இருந்த இடத்தில் இருந்து பார்த்தார்.

இன்னொரு விதியும் உண்டு. விசேட காரணம் இருந்தால், ஆயரின் அனுமதியோடு ஆயத்த காலத்தைச் சுருக்கலாம். அது எனக்குத் தெரியும். கமக்காரர் எழுத்தில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேளாதவனுக்குச் சலுகையைச் சொல்லிக் கொடுப்பது கச்சேரியிலும் என் வழக்கமல்ல.

ஆனியில் அந்தப் பெண் இறந்துபோனார். நான்கு கோவில்களுக்கு ஓடித் திரியும் பங்குத்தந்தை, சேமக்காலையில் வைத்துத்தான் விஷயத்தைக் கேள்விப்பட்டார்.

"வருத்தம் இவ்வளவு கடுமையெண்டு ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல? ஒரு கடிதம் போட்டிருந்தா ஆயர் அந்தக் கிழமையே அனுமதி தந்திருப்பாரே!"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நான் குழியின் பக்கத்தில் குவித்திருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனச்சாட்சி ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லத் தொடங்க இன்னும் இரண்டு மாதம் எடுத்தது.

ஐப்பசியில், புது வகுப்புத் தொடங்கமுன் கமக்காரருடைய வீட்டுக்குப் போனேன். கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணியும் தானே போட்டுத் தந்தார். வரவு பார்க்கமாட்டேன், விரும்பினால் இந்தக் கிழமையே பங்குத்தந்தையுடன் கதைக்கிறேன் என்றேன்.

"ஆரோட போறதுக்கு, சேர்?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஞானஸ்நானம் துணை தேடி எடுப்பதல்ல, தன் ஆன்மாவுக்காக எடுப்பது. பிழையில்லாத பதில். நான் அதைச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.