மோட்டாரை நிறுத்த ஒரு மொழி

எங்கள் வயல் திருப்பனந்தாள் பக்கம். அண்ணன் விவசாயம் பார்க்கிறான். நான் தஞ்சாவூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் போர் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கிவிடும். வயல் நிறைந்ததும் நிறுத்துவதற்குத்தான் ஆள் ஓட வேண்டும். அதற்கு ஒரு கருவி செய்துதருகிறேன் என்றேன்.

பைத்தான் என்ற கணினி மொழியில் அதற்கு நிரல் எழுதப்போகிறேன் என்றதும், அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழி சொன்னாள்: "மோட்டார் நிறுத்த எதுக்குடி பைத்தான்? அதுக்குன்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே வைக்கணும். கரண்ட் போய்ப் போய் வந்தா மெமரி கார்டு போயிடும். சின்ன சிப்பு ஒண்ணு வாங்கி, சி மொழில எழுதிடு."

"சி எல்லாம் பழசு" என்று சிரித்தேன். உண்மையில், கல்லூரியில் சி தாளை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பயமில்லாமல் எழுத வருவது பைத்தான் ஒன்றுதான். அதிலேயே எழுதி, கருவியை மோட்டாரில் மாட்டினேன்.

குறுவைக்கு விதைவிட்ட சமயத்தில் பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம் வந்தது. எல்லோரும் போனோம். பந்தியில் சித்தப்பாவிடம் போனைக் காட்டினேன். 'மோட்டார் நின்றது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. "அட, இங்கேருந்தே தெரியுதா!" என்றார். பக்கத்து இலைக்காரர்களிடமும் காட்டினேன்.

சாயங்காலம் திரும்பியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் பலமுறை போய் வந்ததில் மெமரி கார்டு கெட்டு, கருவி செத்துக் கிடந்தது. போனில் நான் காட்டியது அது கடைசியாக அனுப்பிய பழைய செய்தி. எங்கள் வயல் நிரம்பி, வரப்பு உடைத்துக்கொண்டு, அடுத்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஊர்க்கார அக்கா ஒருவரின் நாற்றங்காலுக்குள் தண்ணீர் போயிருந்தது. முளைகட்டிய விதையெல்லாம் அடித்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது.

அக்கா வரப்பில் நின்றிருந்தார். "யாரு தம்பி மோட்டார நிறுத்தாமப் போனது?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்கக்கா. கல்யாண அவசரத்துல மறந்துட்டேன்."

அவர் அவனைத் திட்டித் தீர்த்தார். நான் பட்டுப்புடவையோடு பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணனைக் கேட்டேன். "ஏண்ணே பொய் சொன்ன?"

"கல்யாணத்துல எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டிருந்த. அவ்வளவு சந்தோசமா இருந்தியேம்மா."

அதற்கு அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன்: "அண்ணன் மறக்கலக்கா. நான் செஞ்சு வச்ச மிஷின் நின்னுபோச்சு. தப்பு என்னுது."

"அத அங்கேயே சொல்றதுக்கென்ன? உங்கண்ணன என்னென்ன பேசிட்டேன்!" அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

மேட்டு வயலில் இருந்த எங்கள் நாற்றில் பாதியை அண்ணன் அவருக்குக் கொடுத்தான். அந்தக் குறுவை முடிவதற்குள் தோழியிடம் உட்கார்ந்து சி படித்தேன். இப்போது மோட்டாரை நிறுத்துகிற வேலை மட்டும் ஒரு சிப்பில், சி-யில் ஓடுகிறது. கரண்ட் வந்த கணமே விழித்துக்கொள்கிறது. போன் திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட். மழைக் கணக்குப் பார்க்கப் பைத்தான். அந்த வேலையை அது அழகாகச் செய்கிறது. இதுவரை பிசகவில்லை.

ஆனாலும் ஊருக்குப் போகும்போது அக்கா எதிரே வந்தால், "மோட்டார் நின்னுடுச்சான்னு நேர்ல போய்ப் பாத்தியாம்மா?" என்கிறார். கிண்டல் இல்லை, நிஜமான கவலையோடுதான் கேட்கிறார். "பாத்துட்டேங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிடுகிறேன்.