திருமலைசாமி வீட்டுக் குளிர்

ஃபிரிட்ஜ் ரிப்பேரில் ஆரம்பித்து ஏ.சி. வேலைக்கு வந்தவர் உக்கடம் யாகூப் பாய். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் வீட்டுக்கு ஏ.சி. வைப்பவர்கள் குறைவு. வைக்கிற வீடுகளில், மேஸ்திரி சுவரை உடைக்கும்போது பக்கத்தில் நின்று அளவு சொல்பவர் அவர்தான்.

"இது குளுரை உண்டாக்குற பொட்டி இல்லைங்க. ரூமுக்குள்ள இருக்கற சூட்டை வாரி வெளிய கொட்டுற பொட்டி" என்று எல்லா வீட்டிலும் சொல்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "குளுரு நல்லா வருமில்லீங்க?" என்பார்கள்.

கருமத்தம்பட்டி திருமலைசாமி மட்டும் வேறு கேள்வி கேட்டார். தறிக்குடோன் வைத்திருந்தவர், ராத்திரி முழுக்கத் தறிகளுக்கு நடுவே நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷர். சித்திரை வெயிலில் தூக்கம் பிடிக்கவில்லை என்றுதான் ஏ.சி.யே வாங்கினார்.

"வாருன சூடு எங்க போகுமுங்க பாய்?"

யாகூபுக்குச் சந்தோஷமாகிவிட்டது. மூடியைக் கழற்றிக் காட்டினார். ரூம் பக்கத்துச் சுருளுக்குள் கேஸ் ஜில்லென்று ஓடும். ரூம் காற்று அதில் பட்டு, தன் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பும். அந்தச் சூட்டைச் சுமந்த கேஸைக் கம்ப்ரசர் இழுத்து நெருக்கும். நெருக்க நெருக்கக் கொதிக்கும். கொதிக்கிற கேஸ் பின்பக்கச் சுருளில் ஓடும்போது, விசிறி அந்தச் சூட்டை வீட்டுக்கு வெளியே ஊதித் தள்ளிவிடும். சூடு தணிந்து திரவமான கேஸ், மயிர்போன்ற ஒரு செம்புக்குழாயில் பிதுங்கி வந்து மறுபடி ஜில்லென்று ஆகிவிடும்.

"எல்லாம் இந்தக் கம்ப்ரசர்தானுங்க. இது நின்னா கேஸ் நகராது, ரூமும் குளுராது."

அடுத்த பங்குனியில் அந்தக் கம்ப்ரசர் எரிந்துபோனது. உள்ளே எரிந்த கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி வர நாளாகும். யாகூப் குழாயை அறுத்து அதை மட்டும் எடுத்துக்கொண்டார். சுவர் திறந்து கிடந்தால் தறிப்பஞ்சு உள்ளே பறக்குமே என்று மீதிப் பெட்டியை அதே இடத்தில் தள்ளி வைத்தார். ஒயரைச் சுருட்டி மேலே போட்டுவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துத் திருமலைசாமியின் மனைவி ராசாத்தாள் யாகூபின் பட்டறைக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க பாய், அந்த ஏ.சி.ய வந்து நிறுத்திப்போட்டுப் போங்க."

"அதுல ஓடறதுக்கு என்னங்க அம்மணி இருக்குது? கம்ப்ரசர் இங்க என் மேசை மேல கெடக்குது."

"ரூமு குளுருதுங்க." அவள் குரல் தணிந்தது. "அவரு வெளியவே வர மாட்டேங்கறாரு."

மத்தியானம் யாகூப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் கரண்ட் இல்லை. தறிச்சத்தம் நின்ற கருமத்தம்பட்டி காது அடைத்ததுபோல் இருந்தது. அறைக்கதவைத் திறந்தார். கையில் மயிர் சிலிர்த்தது. ஒயர் அவர் சுருட்டிப் போட்டபடியே கிடந்தது. சுருளைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது.

கட்டிலில் சட்டையில்லாமல் மல்லாந்திருந்த திருமலைசாமி சிரித்தார். "வாங்க பாய். இப்பத்தான் நல்லாத் தூங்கறேன்."

"குளுரலீங்களா?" என்றார் யாகூப்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

யாகூப் பேசும்போது வாயிலிருந்து ஆவி பறந்தது. திருமலைசாமி பேசும்போது பறக்கவில்லை.

யாகூப் வீட்டுக்குப் பின்னால் போனார். பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டினார். சூடு வந்தது. அது அவருக்குப் பழகிய வறண்ட இரும்புச் சூடு இல்லை. ஈரமான, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிச்சூடு. விட்டு விட்டு வந்தது, யாரோ கைமேல் மூச்சு விடுவதுபோல. விசிறி அசையவில்லை. சல்லடை வழியாகப் பார்த்தார். கம்ப்ரசர் இருந்த இடத்தில் அவர் அறுத்த குழாய்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"யா அல்லா" என்று கையை இழுத்துக்கொண்டவர் உள்ளே ஓடினார். "அம்மணி, ஒரு பக்கம் புடிங்க!"

இருவருமாகத் திருமலைசாமியைத் தூக்கிவந்து வாசலில், கொளுத்துகிற வெயிலில் உட்கார வைத்தார்கள். செத்த கோழியைப்போல் உடம்பு சில்லிட்டிருந்தது. யாகூப் திரும்பிப் போய்த் தன்னந்தனியாகப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கீழே தள்ளினார். சுத்தியலால் இரண்டு சுருளையும் நசுக்கினார். அப்புறம்தான் வெளியே திருமலைசாமிக்கு நடுக்கம் வந்தது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. சாயங்காலம் வியர்த்தது. அதைப் பார்த்து ராசாத்தாள் அழுதாள். சுவரை மறுநாளே செங்கல் வைத்து அடைத்தார்கள்.

அடுத்த வருஷம் ஜவுளி எடுக்க டவுனுக்கு வந்த ராசாத்தாள் பட்டறைக்கும் வந்தாள்.

"நல்லா இருக்கறாருங்க பாய். தறிக்குப் போறாரு, சாப்புடறாரு. மத்தியானமானா மட்டும் ஊட்டுக்குப் பொறத்தால போயி, அடைச்ச எடத்துல முதுகை ஒட்டி நின்னுக்கறாரு. கேட்டா, எஞ்சூடு இங்கதான இருக்குதுங்கறாரு."

"நீங்க அந்தச் செவுத்தைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. ராத்திரிலயும் கதகதன்னு இருக்குது" என்றாள். "இடிச்சுப்போடலாம்னு சொன்னேன். கூடாதுன்னுட்டாரு."

யாகூப் அதற்கப்புறமும் ஏ.சி. வேலைதான் பார்த்தார், அந்தச் சம்பாத்தியத்தில்தான் மகள் யாஸ்மினைக் கட்டிக்கொடுத்தார். கருமத்தம்பட்டியிலிருந்து யாராவது கூப்பிட்டால் மட்டும், வேறொரு மெக்கானிக்கின் பேரைச் சொல்லி அனுப்பிவிடுவார்.