புது ரோடும் அக்கா வீட்டுப் பூட்டும்

போன ஞாயிறு காலை, லூமுட்டில் என் அக்கா வீட்டு வாசலில் குடும்பத்தோடு நின்றேன். கதவில் பூட்டு!

ஈப்போவிலிருந்து கடலோர லூமுட் வரை புது நெடுஞ்சாலை போட்ட பிறகு, இந்தப் பூட்டை எங்கள் சொந்தக்காரர்கள் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய ரோடு ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து... முன்னால் ஒரு லாரி, பின் சீட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அக்கா வீட்டுக்குப் போவோம். முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு, முறுக்கும் பழமுமாகப் பை நிறையக் கொண்டுபோவோம்.

இப்போது? ஈப்போ புந்தோங்கில் சாப்பிட்ட தோசை செரிப்பதற்குள் தெலுக் பாத்திக் கடற்கரை மணலில் கால் வைத்துவிடலாம். அங்கே கார் நிறுத்த இடமில்லை. இளநீர்க் கடை, நீச்சல் டியூப் வாடகைக்கு விடும் கடை, வீட்டுக்கு வீடு 'ரூம் வாடகைக்கு' என்று போர்டு... ஊரே பிழைத்துக்கொண்டது. சந்தோஷம்தான்.

நாங்கள் மட்டும் ரூம் எடுப்பதில்லை. எங்களுக்குத்தான் அக்கா இருக்கிறாளே! கடிதமும் இல்லை, முறுக்கும் இல்லை. கடலில் ஆடிவிட்டு ஈரத் துண்டோடு போய் இறங்குவோம். அவள் குளியலறையில் மணலைக் கழுவி, மீன் குழம்பை ஒரு பிடி பிடித்து, பாய் விரித்துத் தூங்கி எழுந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்புவோம். நாங்கள் போகாத ஞாயிறு தம்பி குடும்பம். அவன் போகாத ஞாயிறு சித்தப்பா குடும்பம்.

அன்றும், 'மத்தியானம் சாப்பிட வருகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போகத்தான் காரை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா எட்டிப் பார்த்து, அக்காவும் மாமாவும் கடலுக்குப் போயிருப்பதாக மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

கடற்கரைக்குப் போனால்... இடுப்பளவு தண்ணீரில், சேலையோடு, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அக்கா! ஒவ்வோர் அலைக்கும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பு.

"என்னக்கா, சொல்லாம வந்துட்ட?" என்றேன்.

"நீங்க சொல்லிட்டா வாரீங்க?" குரலில் கோபமே இல்லை. "ரோடு போட்டதுலேருந்து எனக்கு ஒரு ஞாயிறு இல்லடா. நீங்கல்லாம் கடலப் பாக்குறீங்க, நான் அடுப்பத்தான் பாக்குறேன். இன்னிக்கு நான் கரையேற மாட்டேன்லா. சாவி பக்கத்து வீட்டுல இருக்கு, மீனு ஐஸ் பெட்டியில இருக்கு. போயி ஆக்கி எடுத்துட்டு வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நானும் மனைவியும் திரும்பினோம். மீனைக் கழுவி, வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி... அந்தச் சின்ன அடுப்படியில் வேர்த்து ஊற்றியது. அக்காவின் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரோடு போடுகிறவர்கள் ஊர்களைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறார்கள். எவ்வளவு பக்கத்தில் போய் நிற்கலாம் என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லையா?

சட்டியோடு திரும்பி வந்தோம். பாயில் ஈரச் சேலையோடு உட்கார்ந்தாள் அக்கா. முகத்தில் காய்ந்த கடல் தண்ணீர் வெள்ளையாகப் பூத்திருந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்தோம். ஒரு கவளம் மென்றாள்.

"உப்பு பத்தலடா தம்பி."