கதிரை என்றதும் இருந்தவர்

எங்கள் வீட்டுக்காரர் முதன்முதல் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட்டுக்குள் இறங்கி வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாடகை கட்டுவோம் என்பதற்கு அத்தாட்சியாக வேலைக் கடிதம் கேட்க வந்திருந்தார். எங்களிடம் வேலையும் இல்லை, கடிதமும் இல்லை. ஊரிலிருந்து வந்த புதிது. ஆங்கிலம் வாய்க்குள்ளேயே நின்றது. அடுப்படியில் நின்ற என் மனைவி, "ஏனப்பா, மனுசனைக் கதிரையில இருக்கச் சொல்லுங்கோவன்" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

"இந்தாளுக்குத் தமிழ் தெரியுமோ?" என்றாள் மனைவி. அவரோ எங்களுக்குப் போர்த்துக்கேயம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

அவர் போர்த்துக்கலின் தீவொன்றிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்தவர். நாற்காலி அவருக்கு 'கடெய்ரா', எங்களுக்குக் கதிரை. அன்று மாலை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்: மேசை, யன்னல், அலுமாரி, காலில் கிடந்த சப்பாத்து, தட்டில் இருந்த பாண். ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வர, குழந்தையைப் போல் கைதட்டிச் சிரித்தார். நூற்றாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டவர்கள் விட்டுப்போன சொற்கள் அவை என்று புத்தகங்களில் படித்திருந்தேன். மனைவியிடம் சொன்னபோது, "பறிச்சுக்கொண்டு போனதுக்கு உந்தச் சொல்லுகளையாவது தந்தினமே" என்றாள். வேலைக் கடிதத்தை அவர் அதன்பிறகு கேட்கவேயில்லை. இந்த நாட்டில் எங்களுக்கு முதல் கூரை அப்படித்தான் நிலைத்தது.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய வைன் பீப்பாக்கள் இருந்தன. இலையுதிர் காலத்தில் பெட்டி பெட்டியாக முந்திரிகை என்னும் திராட்சைப் பழம் வாங்கி, தானே பிழிந்து ஊற்றிவைப்பார். எங்கள் உடுப்பெல்லாம் அந்த வாசனைதான். அவர்கள் நாட்டுப் பேர்போன போர்ட் வைன் குடித்ததுண்டா என்று ஒருமுறை கேட்டேன். "அது துரைமாருக்கு. எனக்கு என் பீப்பா போதும்" என்று சிரித்தார்.

இந்தக் குளிர்காலத்தில் இணைய ஏலமொன்றில் பழைய போர்ட் போத்தல் ஒன்றைக் கண்டேன். லேபிள் கறைபட்டிருந்ததால் வேறு எவரும் கேட்கவில்லை. இரண்டு பேர் வெளியே சாப்பிடும் செலவுக்குக் கிடைத்தது. லேபிளில் இருந்தது நாங்கள் கனடாவுக்கு வந்த ஆண்டு. ஆண்டுகளைப் பொருத்திப் பார்ப்பது என் பழைய வியாதி. அந்த ஆண்டு பழம் பறித்து, இரண்டு வருடம் மரப் பீப்பாவில் வைத்துப் பிறகுதான் போத்தலில் அடைப்பார்களாம். நாங்கள் பேஸ்மென்ட்டில் இருந்ததும் அதே இரண்டு வருடம்தான்.

"உந்தப் பழைய வினாகிரிக்குப் போய்க் காசு குடுத்தியளே!" என்றாள் மனைவி. காடியைத்தான் சொன்னாள்; அந்தச் சொல்லும் அவர்கள் விட்டுப்போனதுதான். மண்டி அடியில் இறங்கட்டும் என்று நான் போத்தலை நிமிர்த்தி வைத்திருந்த நாட்களில், "உந்தச் சாமிக்கு விளக்கு வைக்கேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

போத்தலோடு பார்க்க வருகிறோம் என்று வீட்டுக்காரரின் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது, வருகிறவர்களை அடையாளம் தெரிவதுமில்லை, நீங்கள் வந்து என்ன பேசப் போகிறீர்கள் என்று அவர் தயங்கினார். ஒரு வாய் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னார். ஆனாலும் போனோம்.

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. மகள் ஆங்கிலத்தில் எங்கள் பெயரைச் சொன்னார்; அதற்கும் ஒன்றுமில்லை. பிந்தி வந்துவிட்டோம் என்று நினைத்தேன். தேநீர் வடியில் வடித்து மூன்று கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றினேன். நிறம் வெளிறி, செங்கல் தூளைக் கரைத்தது போல் இருந்தது. நான் முதலில் ருசித்தேன். பழைய அலுமாரியைத் திறந்த மணம். அதன் பின்னால், மெல்லியதாக, முந்திரிகை வற்றலின் இனிப்பு.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். வாசற்பக்கமாக ஒதுங்கி நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"வினாகிரியோ?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "நாவ், நாவ்" என்று, இல்லை என்பதாகத் தலையை ஆட்டினார். தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்ததை இழுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கதிரை."

கடெய்ரா என்று அல்ல. அவள் சொல்வது போலவே.

மனைவி இருந்தாள். வாழ்நாளில் மதுவைத் தொட்டிராதவள், மகள் தொடாமல் வைத்திருந்த மூன்றாவது கோப்பையை எடுத்தாள்.